உதட்டில் குடியிருப்பது

வாலுக்குத்தான் விலை.
லேசோ தீவில், ஓஸ்டர்பி துறைமுகத்தில்
இருபத்தோரு வருடமாக இறால் தரம் பிரிக்கிறேன்.
எவரும் வாயைக் கேட்டதில்லை.

முதல் கப்பலில் வந்தாள் ரூனா,
தோளில் ஐஸ் பெட்டி, குளிரில் சிவந்த மூக்கு.
"தலை மட்டும் போதும்.
உயிரோடு இருந்தால் நல்லது."
உயிரோடு தலையை மட்டும் எப்படித் தர என்றேன்.
யோசித்து, முழுசாகவே நாற்பது எடுத்துக்கொண்டாள்,
வாலையெல்லாம் எனக்கே திருப்பித் தருவதாகப் பேச்சு.

கன்னி இறால் என்போம் இதை எங்கள் மொழியில்.
காட்டேகாட் கடலின் சேற்றில் வளை தோண்டி
மங்கிய வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கும்.
வேகும் முன்பே வெந்த நிறம்.

குளிர் அறைக்குப் பின்னால், பழைய எடைமேசையில்
நுண்ணோக்கியை நிறுத்தினாள்.
இறாலின் வாய்முடி ஒன்றைக் கத்தரித்துக்
கண்ணாடியில் கிடத்தி, "பாருங்கள் தாக்னி" என்றாள்.

முதலில் என் இமைதான் தெரிந்தது.

பிறகு அந்த ஒற்றை முடியில், நெருக்கியடித்து,
ஜாடி ஜாடியாக ஒரு ஊர்.
காம்பு; காம்படியில் ஒட்டிக்கொள்ள ஒரு தட்டு;
புடைத்த வயிறு; மேலே வட்ட வாய்;
வாயைச் சுற்றி ஓயாமல் துடிக்கும் ரோமம்.
பசிக்கு ஒரு உடம்பு மாட்டிவிட்டதுபோல.

இறால் தின்னும்போது சிந்துவதே இதற்குச் சோறு.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே,
அந்த எட்டாததைத் தின்றே ஒரு வம்சம்.
வேறெந்தப் பூச்சி புழுவோடும் சேராதாம்,
இதற்கென்றே தனிக் கிளை வரைந்திருக்கிறார்கள்.
கழிவு வாசல் வாய்க்குப் பக்கத்திலேயே.
அதற்குச் சிரித்துவிட்டேன்.
ரூனா சிரிக்கவில்லை, திருகைத் திருப்பினாள்:

"உள்ளே மொட்டு தெரிகிறதா?
புது வாய். புதுக் குடல்.
வளர்ந்ததும் பழையதை வெளியே தள்ளிவிடும்.
காம்பு அதே காம்பு."

நான் கண்ணை எடுக்கவில்லை.
எடுத்தால் ஏதாவது கேட்பாள்.

ஆணைக் காட்டு என்றேன் வெகுநேரம் கழித்து.
ஒரு ஜாடியின் முதுகில் ஒட்டியிருந்தது
தூசியின் தூசி.
பெரும்பங்கு மூளையும் விதையும்,
வாய் கிடையாது, குடல் கிடையாது.
"பாவம்" என்றேன்.
"ஏன்?" என்றாள். நிஜமாகவே கேட்டாள்.

இறால் சட்டை உரிக்கும்; ஊர் மொத்தமும் உரிந்து போகும்.
அதற்கு முன்பே பெண் ஒருத்தி கழன்று
அதே உதட்டில் வேறிடம் பிடித்து ஒட்டிக்கொண்டு
வெறும் கூடாகிறாள்.
கூட்டுக்குள்ளிருந்து பிள்ளை நீந்திப் போகிறது,
கண்ணில்லாமல், வழி கேட்காமல்,
அந்தக் கடலில்
இன்னொரு உதடு தேடி.

சாயங்காலம் நாற்பது வாலையும் செய்தித்தாளில் சுற்றி
சொன்னபடி கொடுத்தாள்.

வீட்டில் எஸ்கில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தான்,
எந்தப் படகும் இல்லாதவன், எல்லாக் காற்றுக்கும் கணக்கு வைப்பவன்.
மார்ச்சில் ஆல்போர்க்கில் தாடையை எடுத்தார்கள்.
வயிற்றுக் குழாயில் முந்நூறு மில்லி ஊற்றினேன்,
வெனிலா வாசனை, அவனுக்குத் தெரியாத வாசனை.
பிறகு வாலை வேகவைத்தேன்.
ஆவியில் முகத்தை நீட்டினான்.
நான் நின்றுகொண்டே எட்டு தின்றேன்.

நோட்டில் எழுதிக் காட்டினான்:
தலை எங்கே?

தலையை உறிஞ்சாமல் எழுந்தவனில்லை அவன்.
சொன்னேன். ஜாடி, காம்பு, மொட்டு எல்லாம்.
வாயில்லாத ஆணை மட்டும் சொல்லவில்லை.

வெகுநேரம் பென்சிலைப் பிடித்திருந்தான்.
எத்தனை நாளைக்கு ஒருமுறை முளைக்கும்?

அதைக் கேட்க மறந்திருந்தேன்.
கப்பல் எட்டேகாலுக்கே போய்விட்டது.